மிலாறும் மண்ணும்: ஊவாப் பெருந்தோட்டங்களின் எரிபொருள் வரலாறு – ஒரு நோக்கு

இலங்கையின் பெருந்தோட்ட வரலாறு பற்றிய ஆய்வுகளில் நிலம், மூலதனம், தொழிலாளர் குடிபெயர்வு, கூலி ஆகியன விரிவாக ஆராயப்பட்டுள்ளன. ஆயின், பறித்த கொழுந்தை உலர்த்துவதற்கும், பறித்தவர் தம் வீட்டில் உலை வைப்பதற்கும் வேண்டிய நெருப்பு எங்கிருந்து வந்தது என்னும் வினாவுக்கு அவ்வளவு இடம் அளிக்கப்பட்டதாகத் தெரியவில்லை. உணவும் உடையும் போல எரிபொருளும் அன்றாட வாழ்வின் அடிப்படைத் தேவையாகும். அதனை மக்கள் அடையும் வழிகள் ஒரு சமுதாயத்தின் உடைமை உறவுகளைத் தெளிவாகக் காட்டவல்லன. பண்டாரவளையை நடுவாகக் கொண்ட ஊவாப் பெருந்தோட்டப் பகுதியின் எரிபொருள் வரலாற்றை அவ்வகையில் அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தேயிலைச் செடி வளரவிட்டால் மரமாகும். அதனைக் கைக்கெட்டும் உயரத்தில் நிறுத்திக் கொழுந்து கொய்வதற்காக, மலையின் உயரத்துக்கேற்ப 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை அதன் மேற்பகுதி வெட்டப்படுகின்றது. இதுவே கவ்வாத்து எனப்படும். கவ்வாத்துக் கத்திக்கு வீழும் கிளைகளையும் குச்சிகளையும் மலையக மக்கள் 'மிலாறு' என்பர். இத்தகைய தோட்டக் கழிவுகளை உலர்த்தி, நொறுக்கி, அழுத்தித் திண்ம எரிபொருட் கட்டிகளாக்கும் தொழில்நுட்பம் இன்று உலகின் பல பாகங்களிலும் பரவியுள்ளது. முற்றத்துச் சருகும் வேலியோரத்துக் கிளையும் வீணாகாமல் அடுப்புக்கு உதவுமெனின் அதனை வரவேற்காதார் இலர். எனினும் ஊவாவின் வரலாற்றை நோக்குமிடத்து ஒரு முன்வினா எழுகின்றது. கழிவு எனப்படுவது உண்மையில் கழிவுதானா? அதற்கு ஏற்கெனவே உரியவர் எவரேனும் உளரா?

தரிசு எனப்பட்ட நிலம்

இவ்வினா இப்பகுதிக்குப் புதியதன்று. 1840ஆம் ஆண்டில் பிரித்தானிய ஆட்சியினர் இயற்றிய 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் பயிரிடப்படாதும் கிடக்கும் நிலம், மறுதலையாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியது எனக் கொண்டது. 1897ஆம் ஆண்டின் தரிசு நிலக் கட்டளைச் சட்டம் அக்கோட்பாட்டை மேலும் இறுக்கியது. கண்டி இராச்சியத்துக் கிராமத்தவர்க்கு அந்நிலம் தரிசாக இருந்ததில்லை. சேனைப் பயிர்ச் செய்கையும் மாடு மேய்த்தலும் விறகெடுத்தலும் அங்கேயே நிகழ்ந்தன. பத்திரம் இல்லாத பயன்பாடு சட்டத்தின் கண்ணுக்குப் பயன்பாடாகத் தெரியவில்லை. ஆங்கிலச் சட்டமொழியில் தரிசுக்கும் கழிவுக்கும் வழங்குவது ஒரே சொல்லாகும் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. ஒரு பொருளை அப்பெயரால் அழைப்பது, அதன்மேல் பிறர்க்குள்ள உரிமையை மறுப்பதற்கு முதற்படியாக அமைந்தது.

இவ்வாறு பெறப்பட்ட காடுகள் கோப்பிக்காக அழிக்கப்பட்டன. சரிவின் கீழிருந்து மேலாக மரங்கள் பாதியளவு வெட்டி நிறுத்தப்படும். இறுதியாக உச்சியிலுள்ள மரங்கள் முற்றாக வெட்டப்பட, அவை விழும் வேகத்தில் கீழுள்ளவை ஒன்றையொன்று சாய்த்துக்கொண்டு விழும். வாரக்கணக்கில் காயவிட்டபின் யாவற்றுக்கும் தீ மூட்டப்படும். 1870களின் இறுதியில் கோப்பிச் செய்கை ஏறத்தாழ 2.7 இலட்சம் ஏக்கரில் பரவியிருந்தது. அந்நிலப்பரப்பிற் பெரும்பகுதி இவ்வாறே வெளியாக்கப்பட்டது. பல தலைமுறைகளின் அடுப்புக்குப் போதுமான விறகு சில நாள்களிற் சாம்பலாயிற்று. அன்று மரமே கழிவாகவும் வெற்று நிலமே செல்வமாகவும் கருதப்பட்டன.

ஊவாவைப் பொறுத்தவரை இவ்விழப்பு மேலும் கடுமையானது. பண்டாரவளை, வெலிமடை, பதுளை ஆகிய இடங்களை உள்ளடக்கிய ஊவா வடிநிலத்தின் பெரும்பகுதி 'பத்தனா' எனப்படும் புல்வெளியாகும். ஆண்டுதோறும் கச்சான் வீசும் மாதங்களில் வறட்சி நிலவும் இப்புல்வெளிகளில் மரங்கள் இயல்பாகவே குறைவு. ஆகவே இங்கு எஞ்சிய காட்டின் ஒவ்வொரு துண்டும் எரிபொருள் நோக்கில் பெறுமதி வாய்ந்ததாயிற்று. 1885ஆம் ஆண்டின் வனக் கட்டளைச் சட்டம் எஞ்சிய காடுகளைப் பாதுகாக்க முனைந்தபோது, விறகெடுத்தல் என்னும் பழைய வழக்கம் அனுமதி பெற்றே செய்யவேண்டிய செயலாக மாறியது.

தொழிற்சாலையின் உலை

1869இல் ஊவாவின் மடுல்சீமைப் பகுதியில் முதலிற் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குள் கோப்பிச் செய்கையை வீழ்த்தியது. அதன் இடத்தைத் தேயிலை பற்றிக்கொண்டது. இம்மாற்றம் எரிபொருள் வரலாற்றிலும் ஒரு திருப்புமுனையாகும். கோப்பிக் கொட்டையை வெயிலில் காயவைக்கலாம். தேயிலையோ பறித்த அடுத்த நாளுக்குள் பதப்படுத்தப்பட வேண்டியது. ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறத்தாழ 4.5 கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். இடைப்பட்ட 3.5 கிலோவும் பெரும்பாலும் நீரே. அதன் ஒரு பகுதி வாட்டும்போது காற்றிற் போகின்றது. எஞ்சியதைச் சூடேற்றியே வெளியேற்ற வேண்டும்.

1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர், தம் பங்களா விறாந்தையில் களிமண் அடுப்பில் கரியெரித்துக் கொழுந்தை உலர்த்தினார். 1877இல் சாமுவேல் டேவிட்சன் உருவாக்கிய 'சிறக்கோ' உலர்த்தி, சூடான காற்றைக் கொழுந்தினூடே செலுத்தியது. அதன்பின் உலர்த்துதல் தொழிற்சாலைக்குரிய பெருவேலையாயிற்று. 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைப் பகுதியில் தோட்டங்களை வாங்கினார். அப்பகுதியின் தம்பத்தென்னைத் தொழிற்சாலை அக்காலத்தைச் சேர்ந்தது. 1890களில் பண்டாரவளையை அடைந்த புகையிரதம் 1924இல் பதுளைவரை நீண்டது. தேயிலைப் பெட்டிகள் விரைவாகத் துறைமுகம் சென்றன. உற்பத்தி பெருகப் பெருக உலைகளின் பசியும் பெருகியது.

ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ 1.5 முதல் 2 கிலோ வரை விறகு செலவாகின்றது. இன்று நாட்டின் ஆண்டு உற்பத்தி ஏறத்தாழ 25 கோடி கிலோவாகும். குறைந்த அளவைக் கொண்டு கணக்கிடினும் அதனை உலர்த்த ஆண்டுக்கு 3.75 இலட்சம் தொன் விறகு வேண்டும். இத்தேவையை முன்னுணர்ந்தே தோட்ட நிருவாகங்கள் யூக்கலிப்டஸ் தோப்புகளை வளர்த்தன. நிழலுக்கும் காற்றுத் தடுப்புக்குமாக நட்ட கிரவிலியா மரங்களும் ஈற்றில் உலைக்கே சென்றன. தொழிற்சாலையின் நெருப்புக்கு நிலம் ஒதுக்கப்பட்டது, திட்டம் வகுக்கப்பட்டது, கணக்கேட்டில் அதற்கென ஒரு பக்கம் இருந்தது.

லயத்தின் அடுப்பு

தொழிலாளரின் நெருப்புக்கு இத்தகைய ஒதுக்கீடு இருக்கவில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று பேசப்படும் லயக் காம்பராவிலும் அதன் முன்புறத்து ஒடுங்கிய இடத்திலுமே சமையல் நிகழ்ந்தது. அதற்கான விறகைத் தேடிக்கொள்வது குடும்பத்தின் பொறுப்பு. இவ்விடத்திலேயே மிலாறு முக்கியத்துவம் பெறுகின்றது. ஒரு மலை கவ்வாத்துச் செய்யப்பட்டதும் மிலாற்றைக் கட்டிச் சுமந்து செல்வது தோட்டந்தோறும் நிலைபெற்ற வழக்கமாயிற்று. அது கூலியிற் சேர்ந்ததன்று, சட்டத்தில் எழுதப்பட்டதுமன்று. நிருவாகம் கண்டும் காணாதது போல் விட்டிருந்த ஒரு சலுகை, நாளடைவில் மக்களால் உரிமையாக உணரப்பட்டது. நாள் முழுவதும் கொழுந்தெடுத்த பெண்ணே மாலையில் தலைச்சுமையாக மிலாறு கொணர்ந்தாள் என்பதும் மறக்கற்பாலதன்று. சம்பளப் பட்டியலில் இடம்பெறாத இவ்வுழைப்பே தோட்டத்தின் அடுத்த நாள் உழைப்பைச் சாத்தியமாக்கியது.

அயலிலுள்ள சிங்களக் கிராமங்களோடு ஒப்பிடும்போது இந்நிலை மேலும் தெளிவாகும். பலாவும் கமுகும் வேலி மரங்களும் கலந்து வளரும் கண்டிய வீட்டுத்தோட்டம், வீட்டுக்கு வேண்டிய விறகிற் பெரும்பங்கைத் தானே தந்துவிடுகின்றது. அங்கு ஒரு கிளையை வெட்டுவதா, சருகைக் குவித்து உரமாக்குவதா, உலர்த்தி எரிப்பதா என்பதை வீட்டாரே தீர்மானிக்கின்றனர். லயத்தில் வாழ்ந்தவர்க்கு அத்தகைய தோட்டம் இல்லை. 'வீட்டுத்தோட்டக் கழிவை எரிபொருளாக்குவோம்' என்னும் அறிவுரை, வீட்டோடு தோட்டமும் உண்டு என்னும் எடுகோளின்மீதே நிற்கின்றது. 2015ஐ அடுத்து வந்த தனிவீட்டுத் திட்டங்களில் வழங்கப்பட்ட 7 பேர்ச் காணி ஏறத்தாழ 177 சதுர மீற்றர் ஆகும். வீடு எழுந்தபின் எஞ்சும் இடத்தில் விறகுக்கு மரம் வளர்ப்பது எளிதன்று. ஆயினும் அது முதன்முறையாகக் கிடைத்த சொந்த முற்றம் என்னும் வகையில் அதன் முக்கியத்துவத்தைக் குறைத்து மதிப்பிட முடியாது.

எண்ணெயின் வரவும் விலகலும்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தொழிற்சாலைகள் பலவற்றில் விறகின் இடத்தை உலை எண்ணெய் பிடித்தது. விறகு வெட்டவும் பிளக்கவும் காயவைக்கவும் ஆள் வேண்டியதில்லை. சூட்டையும் சீராக வைத்திருக்கலாம். அக்காலத்தில் லயத்து அடுப்பும் தொழிற்சாலை உலையும் ஒரே விறகுக்காகப் போட்டியிடவில்லை.

1973 ஒக்டோபரில் மத்திய கிழக்கில் போர் மூண்டது. சில மாதங்களில் மசகு எண்ணெயின் விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. அந்நியச் செலாவணிப் பற்றாக்குறையால் தவித்த இலங்கைக்கு இது பேரிடியாயிற்று. தேயிலைத் தொழிற்சாலைகள் மீண்டும் விறகை நாடின. இதே ஆண்டுகளிலேயே 1972, 1975 காணிச் சீர்திருத்தச் சட்டங்களின்மூலம் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் பிராந்தியக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. உடைமையும் நிருவாகமும் மாறியபோதிலும் உலைக்குரிய விறகுக்குக் கணக்கிருந்ததும், அடுப்புக்குரிய விறகுக்குக் கணக்கில்லாதிருந்ததும் மாறவில்லை.

1980களின் நடுப்பகுதியில் விறகுச் சிக்கனத்துக்காக நாட்டில் பரப்பப்பட்ட 'அனகி' என்னும் இருவாய் மண் அடுப்பு ஒரு நல்ல முயற்சியாகும். 2000களின் நடுப்பகுதியில், சீமைக்கிளுவை எனப்படும் கிளிரிசீடியா, தேயிலை, இறப்பர், தென்னை ஆகியவற்றுக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக அரசினால் ஏற்கப்பட்டது. வேலிக் கதியாலாக நின்ற மரம் எரிபொருட் பயிராக உயர்வு பெற்றது. இவை யாவும் நிகழ்ந்தபோதும், 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி இப்பிரச்சினை தீரவில்லை என்பதை உணர்த்திற்று. சமையல் எரிவாயு கிடைக்கவில்லை. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெயின் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. சிறிது காலம் எரிவாயுவுக்கோ மண்ணெண்ணெய்க்கோ மாறியிருந்த குடும்பங்களும் மிலாற்றுக் கட்டைத் தேடவேண்டியதாயிற்று.

மிலாறு கட்டியாகும் முறை

இந்நிலையில் கழிவைக் கட்டியாக்கும் தொழில்நுட்பம் நம்பிக்கை தருவதாகத் தோன்றுவது இயல்பே. அதன் அடிப்படை எளியது. அப்போது வெட்டிய கிளையின் எடையிற் பாதியளவு நீராகும். அவ்விறகை எரிக்கும்போது வெப்பத்தின் ஒரு பகுதி அந்நீரை ஆவியாக்குவதிலேயே செலவழிகின்றது, புகையும் மிகும். நன்கு உலர்ந்த விறகோ கிலோவுக்கு ஏறத்தாழ 18 மெகாயூல் வெப்பம் தரவல்லது. உலர்ந்ததைத் தூளாக்கி மிகுந்த அழுத்தத்தில் நெரித்தால், மரத்திலுள்ள இலிக்னின் என்னும் பொருள் சூட்டில் இளகித் தானே பசையாகி இறுகுகின்றது. 1880இலேயே சிக்காகோவைச் சேர்ந்த வில்லியம் சிமித் என்பவர், மரத்தூளைச் சூடாக்கி நீராவிச் சம்மட்டியால் அழுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இந்தியாவில் நிலக்கடலைக் கோதும் மரத்தூளும் இவ்வாறு அழுத்தப்பட்டு 'வெள்ளை நிலக்கரி' என்னும் பெயரில் கொதிகலன்களுக்கு விற்கப்படுகின்றன.

இம்முறைக்குப் பொறியும் மின்சாரமும் வேண்டும். வீட்டளவிற் செய்யக்கூடிய மற்றொரு முறையும் உண்டு. குச்சிகளைக் காற்றுக் குறைந்த பீப்பாயில் கரியாக்கி, கரியைத் தூளாக்கி, மரவள்ளி மாக்கஞ்சியுடன் பிசைந்து, அச்சிலிட்டு வெயிலில் உலர்த்தலாம். இக்கட்டிகள் புகையின்றி எரியும். ஆயின் இதிலுள்ள இழப்பையும் கணக்கிட வேண்டும். 100 கிலோ உலர்ந்த மிலாற்றில் 1,800 மெகாயூல் வெப்பம் உண்டு. அதிலிருந்து 25 கிலோ கரி கிடைப்பதாகக் கொண்டால், கிலோவுக்கு 28 மெகாயூல் வீதம் 700 மெகாயூலே எஞ்சும். பாதிக்கு மேற்பட்டது கரியாக்கும்போதே போய்விடுகின்றது. புகையைக் குறைத்துப் பெண்களின் கண்ணையும் நெஞ்சையும் காக்க இவ்விழப்பை ஏற்கலாம் என வாதிடுதல் தகும். ஆனால் விறகே அரிதான இடத்தில் இது சிந்திக்க வேண்டியதாகும். ஒக்டோபர் முதல் பெருமழை பெய்யும் பண்டாரவளையில், கூரையிட்ட காயவைக்கும் கொட்டகையும் நல்ல அடுப்பும் இருந்தாலே மிலாற்றின் பயன் பெரிதும் உயரும். எப்பொறியும் உலர்ந்த மூலப்பொருளையே வேண்டி நிற்பதால், முதற்செலவு அக்கொட்டகைக்கு ஆவதே பொருத்தமாகும்.

மண்ணின் பங்கு

இதுவரை உலையும் அடுப்பும் மிலாற்றுக்கு உரிமை கோருவதைக் கண்டோம். மூன்றாவதாக ஓர் உரிமையாளன் உண்டு. அது வாய் பேசாத மண்ணாகும். செங்குத்தான சரிவில் கவ்வாத்துச் செய்யப்பட்ட மலை மழைக்கு முற்றாகத் திறந்து கிடக்கின்றது. வெட்டிய மிலாற்றை வரிசைகளுக்கிடையே பரப்பிவிட்டால் அது மழைத்துளியின் தாக்கத்தைத் தாங்கி, மண் கழுவிச் செல்லப்படுவதைத் தடுத்து, மக்கி உரமாகின்றது. 1925இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம், கவ்வாத்துக் கழிவை மலையிலேயே விடுமாறு பரிந்துரைப்பது இதனாலேயாகும். ஊவாவுக்கென அதன் பிராந்திய நிலையம் பசறையில் இயங்குகின்றது. 1951ஆம் ஆண்டின் மண் காப்புச் சட்டமும் மலைச் சரிவுகளின் இழப்பை நாடு உணர்ந்ததன் விளைவே.

எரித்தால் என்ன நிகழும்? சாம்பலைத் திருப்பி இட்டால் பொட்டாசியம் மண்ணுக்கு மீளும். நைதரசனோ புகையோடு போய்விடும். 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. அவ்விடைக்காலத்தில் சேதனப் பசளைக்காகத் தோட்டங்கள் அலைந்தபோது, மலையிற் கிடந்து மக்கவேண்டிய மிலாற்றின் பெறுமதி யாவர்க்கும் புலனாயிற்று.

ஆகவே மண்ணுக்கும் அடுப்புக்குமிடையே தீராப் பகையோ எனின், அவ்வாறு கொள்ளவேண்டியதில்லை. நைதரசன் மிகுதியாக உள்ளது இலையிலும் இளங்குச்சியிலுமே. தடித்த தண்டில் அது குறைவு; வெப்பம் தரவல்லதும் அத்தண்டே. இலையும் இளங்குச்சியும் மண்ணுக்கு, தடித்த தண்டு அடுப்புக்கு, அடுப்பின் சாம்பல் மீண்டும் மண்ணுக்கு என்னும் பங்கீடு இயற்கைக்கும் மனிதர்க்கும் ஒருங்கே இசைவதாகும். உலைக்கு நிருவாகம் தானே வளர்க்கும் தோப்புகள் உள்ளன. அதனோடு உமி, மரத்தூள் போன்ற புறக்கழிவுக் கட்டிகளையும் அது விலைகொடுத்து வாங்க முடியும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவது யாது? பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிராமத்தவரின் காடு தரிசு எனப்பட்டது. அவர்தம் பயன்பாடு பறிபோயிற்று. இன்று மிலாறு கழிவு எனப்படுகின்றது. அதனைத் திண்ம எரிபொருளாக்கிச் சந்தைப் பொருளாக்கும் நாளில் அதற்கு விலை தோன்றும். விலை தோன்றிய பொருளைச் சலுகையாக விட்டுவைக்கும் இயல்பு எந்த நிருவாகத்துக்கும் இருந்ததாக வரலாறு காட்டவில்லை. அன்று, இதுவரை தலைச்சுமையாகப் பெற்ற விறகைத் தோட்டப் பெண் கட்டியாகக் காசு கொடுத்து வாங்கவேண்டி நேரலாம். தொழில்நுட்பம் அதன் அளவில் நன்மையும் அன்று, தீமையும் அன்று. அது எவர் கையில், எந்த உரிமை ஒழுங்கின் கீழ் இயங்குகின்றது என்பதே அதன் பயனைத் தீர்மானிக்கின்றது.

ஆதலால் கட்டியாக்கும் பொறியைக் கொணருமுன் மூன்று காரியங்கள் நிறைவேற வேண்டும். மலைக்குரிய இலையும் இளங்குச்சியும் மலையிலேயே விடப்பட வேண்டும். தடித்த மிலாற்றில் குடும்பங்களுக்குள்ள வழக்குரிமை, தொழிற்சங்கங்கள் நிருவாகத்துடன் செய்துகொள்ளும் உடன்படிக்கைகளில் எழுத்தில் இடம்பெற வேண்டும். கட்டியாக்கும் தொழில் தொடங்கப்படுமாயின் அது தோட்டப் பெண்களின் கூட்டுறவு அமைப்புகளின் பொறுப்பில் அமைய வேண்டும். இவற்றுக்கெல்லாம் அடிப்படையாக, வீட்டோடு மரம் நடவும் இடமுள்ள காணி தேவை. சொந்த முற்றம் உள்ளவனுக்கே முற்றத்துச் சருகும் சொந்தமாகும்.

ஊவாவின் நூற்றைம்பது ஆண்டுக்காலத் தேயிலை வரலாற்றில் தொழிற்சாலை உலை அணைந்துவிடக்கூடாது என்பதற்காகச் சட்டமும் மூலதனமும் விஞ்ஞானமும் ஒன்றுசேர்ந்து உழைத்தன. லயத்து அடுப்பு எரிவதற்கும் அவை ஒன்றுசேரும் காலம் வரவேண்டும். அக்காலத்தை அணுகச்செய்யும் ஆய்வுகளில் பல்கலைக்கழகத்தின் பொறியியலாளரும் மண்ணியலாளரும் வரலாற்று மாணவரும் ஒருங்கே ஈடுபடுதல் இன்றியமையாததாகும்.